கற்பூர மரத்தடியில் கிடந்தவரின் பெயர்

நான் இரஞ்சிதம், வயது முப்பத்தாறு, மெல்பேர்ன் கிளேட்டனில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். கணவரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஆதலால் வாக்குமூலம் எடுக்கும் அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். கணவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர், இருதய வருத்தக்காரர். அவரை நான் சாகவிட்டேன் என்று அவருடைய தம்பி கோபாலகிருஷ்ணன் முறைப்பாடு செய்திருப்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

மிலானில் நடந்த மாநாட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். அது முடிந்த மறுநாள், 1976 மே 9 ஞாயிற்றுக்கிழமை, மஜோரே ஏரிக்குப் போய்த் தீவுகளைப் பார்க்கப் படகேறினோம். நெஞ்சு இறுகினால் நாக்கின் கீழ் வைக்கும் குளிசைப் போத்தல் என் கைப்பையில் இருந்தது. சட்டைப்பை புடைத்தால் வடிவில்லை என்று எப்போதும் என்னிடமே தருவார்.

முதல் தீவில் வெள்ளை மயில்களுக்குப் பக்கத்தில் என்னைப் படத்துக்கு நிற்கச் சொன்னார். அதன்பின் திரும்பிப் பார்க்க ஆளைக் காணவில்லை. மெல்பேர்ன் கடைகளிலும் அவர் இப்படி ஒளிவதுண்டு. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டுத் திரிந்தேன். காசும் கடவுச்சீட்டுகளும் அவரிடம் இருந்தன. ஒரு மணித்தியாலத்தின் பின் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒலிவாங்கியை என் முன் வைத்து அவருடைய பெயரைக் கேட்டாள். பதினொரு வருடமாகச் சொல்லாத பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். தோட்டம் முழுக்கக் கேட்டது. அதன்பின் எதிரே இருந்த கோப்பிக் கடையிலிருந்து சிரித்தபடி வந்தார். அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"புருசன்ர பேரைச் சொன்னால் அவன்ர ஆயுள் குறையும் எண்டு கொம்மா சொன்னவவெல்லே? இண்டைக்குக் குறைச்சுப் போட்டாய். இனி வாய் திறந்து பார்" என்றார். கலியாணமான புதிதில், என் அம்மா சொன்னதாக நானே அவருக்குச் சொன்ன கதை அது. அதன்பின் படகில் அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

இரண்டாம் தீவில் மூன்று மணிக்கு, "பழைய கற்பூர மரம் ஒண்டு இருக்காம், பாத்திட்டு வாறன், நீ இதிலயே இரு" என்று மேலே ஏறிப்போனார். நான் படகுத்துறை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு படகுகள் போய்விட்டன. நாலு மணியளவில் அங்கிருந்த காவலாளியும் ஒலிவாங்கியை நீட்டிப் பெயர் கேட்டார். கணவர் எங்கேயோ இருந்து பார்த்துச் சிரிக்கிறார் என்றே நினைத்தேன். எனக்குச் சரியான கோபம். காவலாளி மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் தலையாட்டி மறுத்தேன். குளிசையை மறந்தேன் என்று சொல்லமாட்டேன். பை மடியில்தான் இருந்தது.

ஐந்து மணிக்குத் தோட்டக்காரர் ஓடிவந்து கூட்டிப்போனார். மரத்தடியில் குப்புறக் கிடந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலமாவது உயிரோடு கிடந்திருப்பார் என்று டாக்குத்தர் சொன்னார். பெயரைச் சொல்லியிருந்தால் ஆள்விட்டுத் தேடியிருப்போம் என்று காவலாளி சொன்னார். கணவருடைய சட்டைப்பையின் உட்புறம் வெளியே இழுபட்டிருந்தது.

பெயரைச் சொல்லாதது வழக்கத்தாலா கோபத்தாலா என்று அதிகாரி கேட்டார். இரண்டாலும்தான்.

இதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை. ஒப்பமிட முன் என் முழுப் பெயரையும் வாயால் சொல்லச் சொன்னார்கள். இனிக் குறைய அவருக்கு ஆயுள் இல்லை. கண்ணை மூடாமல் சொன்னேன்.

(ஒப்பம்) இரஞ்சிதம் கதிர்காமநாதன்
16.6.1976