மூன்றாவது குரல்

விளக்கு வைக்கிற நேரம். கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோடு. பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. மழை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது...

கரண்ட் வரும் என்று வாசலைப் பார்க்காதீர்கள், இன்றைக்கு வராது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது யாரோ எவரோ சொன்ன கதையில்லை. நம் நவுஷாத் இருக்கிறானே, அவனுடைய சின்னம்மா ரஜியாவுக்கு நடந்தது.

எண்பத்தேழு செப்டம்பர். ரஜியாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட முடியவில்லை. புருஷன் ஷேக் பரீத், கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை. மனிதருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. கரியாலூர்ப் பக்கம், மலை ஏரியைப் பார்த்தபடி வெள்ளைக்காரத் துரை ஒருவன் கட்டிய பங்களா இருந்தது. பிற்பாடு அதை ஓட்டலாக்கியிருந்தார்கள். உருண்டைத் தூண்கள், தேக்குப் படிக்கட்டு, கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த தரை, கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்கு. அங்கே மாடி அறையில் பெண்டாட்டியோடு நாலு நாள் ராஜா மாதிரி இருக்கவேண்டும். பாவம், அவ்வளவுதான் கேட்டார்.

மறியல் வரப்போகிறது என்று முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார்கள். ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும் என்று பரீத் கணக்குப் போட்டார். அது ஒரு வாரம் நீண்டது. இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் இறங்கி, புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். கேட்டவர்கள் வலி அவர்களுக்கு, அதைப் பேச நான் வரவில்லை. மலைமேல் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அதுதான் விஷயம். ஓட்டல் ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டைப் பார்க்க நடந்தே இறங்கிவிட்டார்கள். பாவாடை என்கிற சமையல்காரர் மட்டும் மிச்சம். அத்தனை பெரிய பங்களாவில் மூன்று பேர், ஒரு நாய்.

ரஜியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஏரியிலிருந்து எழும்புகிற பனி சன்னல் இடுக்கு வழியாக வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கொண்டுவந்த மாத்திரையும் தீர்ந்துபோனது. இரண்டு ராத்திரி அவள் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னால் பரீத் செருப்பை மாட்டினார். மலைக்காரர்கள் இறங்குகிற குறுக்குப் பாதையில் போய், அடிவாரத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஏறிவிடுவதாகச் சொன்னார். போகவேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இது தெரியாத வீடு உண்டா? ராத்திரியில் வெளியே யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் வாய் திறக்கக்கூடாது, கதவும் திறக்கக்கூடாது. பேய்க்கு ஒரு தடவை கூப்பிடத்தான் குரல் உண்டு. மனுஷனாக இருந்தால் மறுபடி கூப்பிடுவான். ரஜியாவின் அம்மா அவளை அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தாள்.

"வர ராவாயிடும். மூணு தடவ கூப்புடுங்க, அப்பத்தான் தெறப்பேன்" என்றாள்.

பரீத் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. சரி, மூணு தடவ கூப்புடறேன். அதுக்கும் நீ தெறக்கலன்னா, இன்னா பண்றது?"

"தெறப்பேங்க. சத்தியமா தெறப்பேன்."

அந்த மாடி அறைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள், முழங்கை நீளம். மலை ஈரத்தில் இறுகிப்போய்க் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும்.

பொழுது சாய்கிறவரை வராந்தாவில் நின்று ரோட்டையே பார்த்தாள். ஒரு ஆளும் ஏறவில்லை. பாவாடை மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கட்டில் போய்ப் படுத்துவிட்டார்.

ராத்திரி மழை நின்றது. ஏரியில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று... எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. கீழே நாய் குரைக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் புகுந்து முனகியது.

சளக்... சளக்...

ஈரச் செருப்பு. ஒவ்வொரு படியாக ஏறி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கூடவே ஒரு வாசனை. அப்போதுதான் வெட்டிப்போட்ட பச்சை மரத்தின் வாசனை.

"ரஜியா..."

அவர் குரல். துளி மாற்றமில்லை. ரஜியாவின் கைகள் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டன.

ஒன்று.

காத்திருந்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடுங்களேன், அல்லா, இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். வாய் திறந்து சொல்லப் பயம். திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது பேயென்றாலும் பரவாயில்லை, அவராக இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியதாம். ஆனாலும் தாழ்ப்பாளை இழுக்கவில்லை. சொட்டுகிற சத்தம் மெல்ல மெல்ல நின்றது. படியில் யாரும் இறங்கவில்லை.

விடியும்போது அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. மூச்சுக்குக் காற்று வேண்டுமே என்று தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டித் திறந்தாள். அறை வாசலில் ஒரு பொட்டலம். காகிதம் நனைந்து கூழாகியிருந்தது. உள்ளே மாத்திரைகள் மட்டும் துளி நனையாமல் இருந்தன. அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

மூச்சு வந்தது. மூச்சோடு சிரிப்பும் வந்தது. புருஷன் கோபித்துக்கொண்டு கீழே படுத்திருக்கிறார் என்று நினைத்து, படி இறங்கிப்போய்ப் பாவாடையை எழுப்பினாள். "அவுரு எங்க படுத்துனுகிறாரு?"

யாரும் வரவில்லையே அம்மா என்றார் பாவாடை. வாசல் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

வெயில் ஏறியபோது அடிவாரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓடைப் பாலத்தின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரத்தின் மேல் ஏறித் தாண்டும்போது பரீத் வழுக்கி விழுந்திருந்தார். வெள்ளம் கொஞ்ச தூரம் இழுத்துப்போயிருந்தது. நேற்றுப் பொழுது இருக்கும்போதே கரையில் எடுத்துப் போட்டோம், அப்போதே உயிரில்லை என்றார்கள். மாத்திரை வாங்கினார் என்று மருந்துக்கடைக்காரரும் சொன்னார். சட்டைப் பையில் மாத்திரை இல்லை.

ரஜியா அதற்கப்புறம் யாரையும் கட்டவில்லை. கள்ளக்குறிச்சியில் நவுஷாத் வீட்டோடு இருந்துவிட்டாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது. இழுப்பு மட்டும் விடவில்லை.

போன மழைக்காலம். இதே மாதிரி கரண்ட் இல்லை. சின்னம்மாவுக்கு அன்று இழுப்பு ஜாஸ்தி. பக்கத்து அறையில் படுத்திருந்த நவுஷாத்துக்கு முதலில் வாசனைதான் தெரிந்தது. தெருவில் மரமே கிடையாது, பச்சை மரம் அறுக்கிற வாசனை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே எழுந்தான். அப்போது அவன் காதிலும் விழுந்தது.

"ரஜியா..."

ஓடிப்போய்ப் பார்த்தான். சின்னம்மா இருட்டில் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சின்னம்மா கூப்ட்டது?"

அவள் திரும்பவில்லை. கதவையே பார்த்தபடி, "ரெண்டு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தியில் மக்ரிப் தொழுது முடித்ததும் சின்னம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாளாம். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிறாள். இழுத்துப் பார்க்கிறாள். இறுகிப்போகக் கூடாதாம்.