மஞ்சள் கோடு

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை, ரஃபி பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் காக்களூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வருகிறேன். திருவள்ளூரில் ஏறி, செங்குன்றத்தில் மாறி, பொன்னேரியில் மறுபடி மாறிப் பழவேற்காடு வந்து சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். ஜன்னலோர இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் குறையில்லை. யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

மஸ்கட்டிலிருந்து வந்த கையோடு நீங்கள் சுப்பிரமணியைத் தேடிப் போனது நியாயம்தான். அவன் என்னிடம் வேலை கற்ற நல்ல மெக்கானிக். உங்கள் தம்பி இஜாஸ் பந்தயத் தடத்தில் விழுந்ததற்கு அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று கம்பெனி அவனை வெளியே அனுப்பியது. இப்போது வள்ளூரில், அனல்மின் நிலையம் கட்டுகிற இடத்தில் இரும்பு தூக்குகிறான். "அந்த போல்ட்ட நான் தொடவே இல்ல பாய். வரதண்ணன் என்னை டயர் எடுத்தாரச் சொல்லி அனுப்சிட்டாரு" என்று உங்களிடம் சொன்னானாம். உண்மை, நான்தான் அனுப்பினேன். விசாரணையில் அவன் அதைச் சொல்லவில்லை. என் மேல் அவ்வளவு மரியாதை.

அவனை ஏன் அனுப்பினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சூப்பர்பைக் பந்தயத்தில் கடையில் விற்கிற வண்டியைத்தான் மாற்றி, செதுக்கி ஓட்ட வேண்டும். எங்கள் வண்டியை அந்தப் பெயரால் அழைத்தால் வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு தகர ஷெட்டுக்குள் அதை நாங்கள் வளர்த்தோம். முதல் வருஷம் அது ஓடியதைவிட விழுந்ததுதான் அதிகம். இஜாஸ் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்வான்: "நைனா, இன்ஜின் ஜோரா கீது. மூஞ்சிதான், அந்த முன்சக்கரம், நான் சொல்றத கேக்க மாட்டேங்குது."

அவனை மாதிரி பிரேக் பிடிப்பவனை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் பயந்து பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசி நொடியில் பிடிப்பான். அந்தப் பிடிக்கு ஏற்றபடி முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றினேன், சட்டத்தை வெட்டி ஒட்டினேன், டேங்கைத் தாழ்த்தினேன். அவனுடைய மணிக்கட்டு எவ்வளவு வளையும் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டி அவன் உடம்பின் அச்சு. எங்கள் இன்னொரு ஓட்டுநர் பாக்கியராஜ் ஒருமுறை அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, வண்டியா கெடாவா? முட்டித் தள்ளுது" என்று இறங்கி ஓடினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாங்கள் ஜெயிக்கத் தொடங்கிய வருஷம், சீசன் முடிகிற சமயத்தில், கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நைனா, பேஜாராவக் கூடாது."

"சொல்லு."

"அடுத்த சீசன் நான் அவுங்க வண்டி ஓட்டப் போறேன்." போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னான்.

"நம்ம வண்டி?"

"அதான் ரெடியாய்டிச்சே. இனிமே யார் ஓட்னாலும் ஓடும்." என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தான். "நீயும் வந்துடு நைனா. நான் சொன்னா எடுத்துப்பாங்க."

கோபம் வரவில்லை. பந்தயத்தில் ஆள் மாறுவது வழக்கம்தான். உலகத்தில் யார் எந்தக் கம்பெனிக்குப் போனான் என்று பத்திரிகைகளில் படிக்கிறவன் நான். ஆனால் யார் ஓட்டினாலும் ஓடும் என்றானே, அது தவறு. என்னைத் தன் சாமான் பையோடு சேர்த்து எடுத்துப்போகப் பார்த்ததும் தவறு. இரண்டையும் அவனுக்குப் புரியவைக்க நேரம் தேவைப்பட்டது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விழுந்த போல்ட்டில் யாரும் மறுபடி ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் இறுக்கியவனை நம்பவில்லை என்று பொருள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி. சுப்பிரமணியை டயருக்கு அனுப்பிவிட்டு, முன் பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி வைத்தேன். மஞ்சள் கோடு போட்டேன். முதல் சுற்றில் டயர் சூடேற இஜாஸ் மெதுவாகத்தான் போவான். வண்டிகள் கிளம்பும் பிட்டைத் தாண்டிய முதல் வளைவிலேயே பிரேக் கழன்று சிக்கி, சக்கரம் பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் விழுந்தால் தோள் எலும்பு உடையும். பந்தயக்காரர்களுக்கு அது ஜலதோஷம் மாதிரி. புதுக் கம்பெனி கட்டுப்போட்ட ஆளுக்காகக் காத்திருக்காது. அவன் ஷெட்டுக்குத் திரும்பி வருவான். நான் நினைத்தது இவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் என் முதுகில் தட்டினான். "நைனா கை பட்ட வண்டி. கண்ண மூடிக்கினு போவலாம்," என்றான். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, இரண்டு போல்ட்டுகளையும் ஸ்பேனரால் அரைத் திருகு இறுக்கினேன். முழுதாக அல்ல. கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டேன்.

அந்த அரைத் திருகால் போல்ட்டுகள் முதல் சுற்றைத் தாங்கிவிட்டன. இரண்டாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், போட்டிக் கம்பெனியின் மேனேஜர் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில், இஜாஸ் தன் வழக்கப்படி கடைசி நொடியில் பிடித்தான்.

நான் மனசாட்சி இல்லாதவனாக இருந்திருந்தால் அந்த அரைத் திருகைக் கொடுத்திருக்க மாட்டேன். தம்பி இன்று நடந்துகொண்டிருப்பான். அவன் மேல் வைத்த பாசம்தான் அவன் முதுகெலும்பை உடைத்தது. இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மஸ்கட்டுக்கு அவனை நீங்கள் அழைத்துப் போகப் போவதாக உங்கள் தங்கை ரமீஸா சொன்னாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கலாம். ஆனால் புண் வராமல் அவனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்தத் தோளுக்குக் கீழே தலையணை வைத்தால் தூங்குவான் என்று அங்கே யாருக்குத் தெரியும்? அவன் கட்டிலை நான் செய்தேன். சக்கர நாற்காலியின் கைப்பிடியை அவன் மணிக்கட்டுக்கு ஏற்ப வளைத்தேன். வேறு யார் உட்கார்ந்தாலும் அது சரிப்படாது. போன ஞாயிறு நான் வந்ததும், "வந்துட்டான்யா எங்க மேனேஜர்" என்று சிரித்தான். ரமீஸாவும் சிரித்தாள்.

போலீசில் சொல்வதானால் சொல்லுங்கள், பாய். நான் ஓடிவிட மாட்டேன். அதற்கு முன் மஸ்கட்டா, இங்கேயா என்று அவனையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கேதான் என்பான். இந்த முறை என்னை விட்டுப் போக மாட்டான். அவனைக் கேட்பதற்கு முன்னால் மட்டும், இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.