அரைமணி நேரம் தோளில் ஏந்திய சைரகான் அக்காவுக்கு

எதுக்களித்த பாலின் வாடை ஏறிய வெள்ளை அங்கியையே விருதாய் அணிந்த பெருந்தகையீர்! முலைப்பால் அறியாப் பிள்ளைகளின் முதுகு தடவியே முப்பத்து மூன்று ஆண்டுகளை முழுதாய்த் தந்த முன்னவரே! நாரின் ஆற்றங்கரையின் அக்பாலா குழந்தையர் இல்லத்து மூத்த செவிலியே, எங்கள் சைரகான் அக்காவே! பணி நிறைவு பெறும் உங்கள் முன்னே நாங்கள் மகிழ்ந்து நிற்க வேண்டிய நாள் இது. மகிழ முடியவில்லை, மன்னியுங்கள்.

அன்னை விட்டுச் சென்ற அழுகையை அடுத்த நொடியே அள்ளியெடுத்த அருங்கரத்தீர்! புட்டிப் பாலில் பாதியைப் புகட்டி, ஏப்பம் வரும்வரை நிமிர்த்தி, பொறுமையாய் மீதியைப் புகட்டி, பின்னும் அரைமணி நேரம் தோளில் சாய்த்திருந்து, அதற்கப்புறமே மல்லாத்திப் படுக்கவைப்பது உங்கள் வைத்தியம். பாலோடு இரைப்பை அமிலமும் மேலேறிப் பிஞ்சுத் தொண்டையைப் பொசுக்குகிறது என்பதை, வில்லாய் வளைந்து வீறிடும் முதுகைத் தொட்டே கண்டுகொண்டவர் நீங்கள். சிரித்துக்கொண்டே கக்கும் பிள்ளைக்கு மருந்தே வேண்டாம் என்றீர்கள். எடை ஏறாமல் இரத்தம் கக்கிய பிள்ளைக்கு மருந்து வரும்வரை மருத்துவர் அறை வாசலை விட்டு நகர மறுத்தீர்கள்.

கக்குகிற குழந்தையைக் கண்டாலே ‘தலைக்குள் அழுத்தம்’ என்று எழுதி மூன்று மருந்து கொடுப்பது நம் ஊர் மருத்துவத்தின் நெடுநாள் பழக்கம். தலைமை மருத்துவர் தாலாய்பெக் அவர்களும் ஒருமுறை ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் எழுதினார். (முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.) அன்று நடந்த பேச்சை நாங்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

“டாக்டர், இவன் தலை நல்லாத்தான் இருக்கு. உங்களை மல்லாக்கப் போட்டு வாயில ஒரு சொம்புப் பாலை ஊத்துறேன், அப்புறம் யாருக்கு அழுத்தம்னு பாப்போம்.”

“சரிக்கா, மருந்து வேணாம். வேற என்னதான் வேணும்கிறீங்க?”

“பிள்ளைக்கு ஒரு தோள்.”

“அது மட்டும் கேக்காதீங்க. நான் எங்க போவேன்?”

மருத்துவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். ஆனால் தோளுக்கு அவரும்தான் எங்கே போவார்? பிள்ளைகள் பத்தொன்பது. ஒரு வேளைக்குச் செவிலியர் மூன்று பேர். ஆகவே போர்வையைச் சுருட்டிப் புட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். நீங்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது அந்தச் சுருட்டலைத்தான். “யாருடி இந்தப் போர்வைக்கு அம்மா வேலை குடுத்தது?” என்று கூடமே அதிரும்.

உங்கள் புகழ் பாட வந்த இடத்தில் எங்கள் குற்றத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சென்ற பனிக்காலத்தில், உங்கள் மகள் திருமணத்துக்கென்று மூன்றே நாள் விடுப்பில் போனீர்கள். “பெக்தூரை மட்டும் படுக்கவெச்சுப் பால் குடுக்காதீங்கடி, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான்கு மாதப் பிள்ளை. முதல் நாள் தூக்கினோம். இரண்டாம் நாள் எங்களில் ஒருத்தி வரவில்லை, போர்வையைச் சுருட்டினோம். மேலேறிய பால் மூச்சுக்குழாயில் இறங்கியது. மாலைக்குள் பெக்தூர் இல்லை. பதிவேட்டில் நுரையீரல் காய்ச்சல் என்று எழுதினோம்.

திருமண வீட்டுப் பலகாரமாக எங்களுக்குப் போர்சோக் பொரித்து மூட்டை கட்டி வந்தீர்கள். வெறுங்கட்டிலைப் பார்த்தீர்கள். எங்கள் முகத்தைப் பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்து நின்றோம். “ஆறிப்போகுது, சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னீர்கள். அன்றுமுதல் இன்றுவரை நீங்கள் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. நீங்கள் திட்டியிருக்கலாம் அக்கா.

‘உங்கள் வழியில் நாங்கள் வழுவாது நடப்போம்’ என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். எழுதினோம். இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் சோல்பொன்தான், “பொய்யை எதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும்?” என்று கேட்டு அவ்வரியை அடித்தாள். உங்கள் பணியிடம் இனி நிரப்பப்படாது என்ற ஆணை வந்துவிட்டது. நீங்கள் இருக்கும் வேளையில் உங்களோடு சேர்த்து நாங்கள் நால்வர். நாளைமுதல் எந்த வேளையிலும் மூவர்தான். போர்வைகள் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

உங்கள் நாட்கள் நீளட்டும், அக்கா! உப்பிட்ட வெந்நீர் ஒத்தடத்துக்கும் அடங்காத உங்கள் இடத்தோள் வலி அடியோடு அகலட்டும்! அழுகுரல் கேட்டு அரண்டு எழாத ஆழ்ந்த உறக்கம் உங்களுக்கு அமையட்டும்! அந்த உறக்கத்தில் எங்களுக்குப் பங்கு கேட்க மாட்டோம்.

இவ்விழா மதியம் இரண்டரைக்கு. கைக்குழந்தை மேரிமின் பால் நேரமும் அதுவே. பால் குடித்து முடித்து அவள் உங்கள் தோளில் சாய்ந்திருக்கும்போதுதான் இது வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதுகிறோம். ஐந்து மாதத்தில் நான்கு கிலோவைத் தொடவே பாடுபட்டவள், உங்களிடம் வந்த ஆறு வாரத்தில் கன்னம் வைத்திருக்கிறாள். மரபுப்படி உங்களுக்குப் போர்த்தும் சபான் அங்கியை வலத்தோளில் மட்டும் போடுகிறோம், இடத்தோள் அவளுடையது. மடலை வாங்க எழுந்திருக்காதீர்கள். அரைமணி நேரம் முடியட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.

உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து நாலரைக்கு. மேரிமின் அடுத்த புட்டி ஐந்து மணிக்கு.

இங்ஙனம்,
பத்தொன்பது பிள்ளைகளும் ஆறு கைகளும் கொண்ட
அக்பாலா குழந்தையர் இல்லத்துப் பணியாளர்கள்