கோழிக்கூட்டில் விழுந்த குண்டு

ஸீனா: உங்க ஆளுங்கதான் போட்டாங்க. குழியைப் பாரு. மண்ணு எந்தப் பக்கம் தெறிச்சிருக்கு?

யூஹிம்: எங்க ஆளுங்க எதுக்கு என் கோழிக்கூட்டுல போடப் போறாங்க, கூமா?

ஸீனா: உன் கோழிக்கூடா? பலகைதான் உன்னுது. கோழியெல்லாம் என்னுது.

யூஹிம்: அப்ப ஒடஞ்சது என்னுது, செத்தது உன்னுது. கணக்கு சரியாப் போச்சு.

ஸீனா: முப்பது வருஷம் சுரங்கத்துல கரண்டு வேலை பாத்தவன் நீ. குண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லத் தெரியாதா?

யூஹிம்: சுரங்கத்துல எங்க மேல யாரும் குண்டு போடல.

ஸீனா: உன் கேட்டுல கட்டி வச்சிருக்கியே உக்ரைன் கொடி, மஞ்சளும் நீலமுமா... அதைப் பாத்து யாராவது குறி வச்சிருப்பான்.

யூஹிம்: உங்க ஆளுங்கதான் போட்டாங்கன்னு இப்பதான் சொன்னே. எங்க ஆளுங்க எங்க கொடியைப் பாத்து எதுக்குக் குறி வைக்கணும்?

ஸீனா: உனக்குப் பேச்சு கத்துக் கொடுத்தவனைச் சொல்லணும்.

யூஹிம்: மதியம் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கிற வெள்ளை வண்டிக்காரங்க வருவாங்க. குழியை அளப்பாங்க. எழுதிக்குவாங்க.

ஸீனா: யாரு போட்டதுன்னா?

யூஹிம்: ஆழம் எவ்வளவுன்னு.

ஸீனா: அதை நானே சொல்வேன். என் முழங்கால் வரைக்கும்... அந்தப் பக்கம் போ, கூமே. செவலைக் கோழி செர்ரி மரத்துல ஏறிடுச்சு.

யூஹிம்: புத்தியுள்ள கோழி. எங்க பக்கம் பாத்து உக்காந்திருக்கு.

ஸீனா: வாலைக் காட்டிட்டு உக்காந்திருக்கு.

யூஹிம்: பா... பா... பா... வா கண்ணு, வா. இறங்கு.

ஸீனா: அதுக்கு உக்ரைனியத்துல பேசினா புரியாது.

யூஹிம்: நான் பா பான்னுதான் சொன்னேன்.

ஸீனா: அதையும் ஒரு மாதிரியாத்தான் சொன்னே.

யூஹிம்: கீவ்ல இருக்கிறவங்க நம்ம ரஷ்யப் பேச்சையே ஒழிச்சிடுவாங்கன்னு மூணு வருஷமா சொல்றியே, கூமா. இப்ப எந்தப் பேச்சுல பேசிட்டிருக்கே?

ஸீனா: நான் எப்பவும் பேசுறதுலதான்.

யூஹிம்: ஒழிஞ்சிருச்சா?

ஸீனா: உன்கிட்ட பேசிப் பேசி என் தொண்டைதான் ஒழிஞ்சது. புடி, புடி... றெக்கையைப் புடி. கழுத்தை விடு.

யூஹிம்: புடிச்சாச்சு. மொத்தம் எத்தனை மிச்சம்?

ஸீனா: நாலு. சேவல் போயிடுச்சு.

யூஹிம்: அது ஒரு நல்ல காரியம். விடியறதுக்கு முன்னாடியே கத்தும், உன் டிவி மாதிரி.

ஸீனா: என் டிவியை எதுக்கு இழுக்கிறே? கரண்டு இருந்தாத்தானே டிவி. டிவி இருந்தாத்தானே உண்மை தெரியும்.

யூஹிம்: ஆமா. அந்த ரஷ்ய டிவில நம்ம ஊரே எரிஞ்சு சாம்பலாயிடுச்சுன்னு சொன்ன அன்னிக்கு, நீ என் வீட்டுல உக்காந்து பீட்ரூட் சூப் குடிச்சிட்டிருந்தே.

ஸீனா: உப்பு இல்லாத சூப்பு. அது வேற கொடுமை.

யூஹிம்: மூணு வருஷம் முன்னாடி ஓட்டுப் போடப் போனியே, பள்ளிக்கூடத்துக்கு... உக்ரைனை விட்டுப் பிரிஞ்சு புது குடியரசு வேணும்னு. தலைக்குப் பூப்போட்ட துணியெல்லாம் கட்டிக்கிட்டு.

ஸீனா: போனேன். மறைக்கல. பென்ஷன் ஏறும், சுரங்கத்தை மூட மாட்டாங்கன்னாங்க.

யூஹிம்: ஏறுச்சா?

ஸீனா: நீ அந்தப் பக்கம் நின்னு கத்தினியே. ஐரோப்பா வருது, ரோடு வருதுன்னு. வந்துச்சா?

யூஹிம்: ...ரோடுல டாங்கி வந்துச்சு.

ஸீனா: பென்ஷன் க்யூவுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நிக்கிறோம், கூமே.

யூஹிம்: ஒண்ணா எங்க நின்னோம்? நீ எனக்கு முன்னாடி நுழைஞ்சே.

ஸீனா: கால் வலி.

யூஹிம்: எனக்கும்தான் கால் இருக்கு. உன் பையன் ருஸ்லானை ஞானஸ்நானத்துல தண்ணியிலேருந்து கையில வாங்கினது நான். என் பொண்ணு ஒலேஸ்யாவை வாங்கினது நீ. அந்த ஞானத்தாய், ஞானத்தகப்பன் உறவுக்காகத்தான் நான் உன்னைக் கூமான்னும் நீ என்னைக் கூமேன்னும் கூப்பிடுறோம். இல்லேன்னா உனக்கு வேற பேரு வச்சிருக்கேன்.

ஸீனா: என்ன பேரு?

யூஹிம்: கையில கோழி இருக்கு. அப்புறம் சொல்றேன்.

ஸீனா: ஒலேஸ்யா எப்படி இருக்கா?

யூஹிம்: கார்கிவ்லதான். நல்லா இருக்கா. ருஸ்லான்?

ஸீனா: போலந்துலதான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறான். நல்லா இருக்கான்.

யூஹிம்: ஞானத்தகப்பனுக்கு ஒரு போன் போடக் கூடாதா? குளிர் தொடங்கினதுலேருந்து ஒரு பேச்சில்ல.

ஸீனா: அங்க சுவர் நிறைய இருக்காம்.

யூஹிம்: சரி. உன் சமையல்கட்டு ஜன்னல்ல கண்ணாடி போயிடுச்சே. பிளாஸ்டிக் தாள் கொண்டு வரவா? ஆணி என்கிட்ட இருக்கு.

ஸீனா: வேணாம்.

யூஹிம்: வேணாமா? ராத்திரி பனி கொட்டும்.

ஸீனா: கொட்டட்டும். காத்து வரணும்.

யூஹிம்: மார்ச் மாசத்துல காத்தா?

ஸீனா: இந்தக் கோழியை எல்லாம் நீயே வச்சுக்க, கூமே. கூடும் போயிடுச்சு. என்னால முடியாது.

யூஹிம்: நானா? எனக்கு வேணாம். நீயே வச்சுக்க.

ஸீனா: முட்டைக்காக என்கிட்ட மூணு வருஷமா சண்டை போட்டவன் நீ. கோழியே தரேங்கிறேன்.

யூஹிம்: டாக்டர் முட்டை கூடாதுன்னுட்டார்.

ஸீனா: எந்த டாக்டர்? நம்ம ஊர் டாக்டர் ஓடிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

யூஹிம்: ...போறதுக்கு முன்னாடி சொன்னார். இந்தா, என் கொட்டகையில நிலக்கரி கிடக்கு. நாலஞ்சு மூட்டை. நீ எடுத்துக்க.

ஸீனா: உன் நிலக்கரியா? எனக்கா?

யூஹிம்: தூசி ஒத்துக்கல.

ஸீனா: முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள கிடந்தவனுக்குத் தூசி ஒத்துக்கல.

யூஹிம்: இப்பதான் தெரிஞ்சுது.

ஸீனா: யூஹிம் தெனிசோவிச். நெஞ்சு ஏதாவது வலிக்குதா? சாகப் போறியா?

யூஹிம்: முழுப் பேரைச் சொல்லாதே. பயமா இருக்கு. சாகல. நீ ஏன் கோழியைக் கொடுக்கிறே? நீ சாகப் போறியா?

ஸீனா: நான் எதுக்குச் சாகணும்? உங்க ஆளுங்க போற வரைக்கும்...

யூஹிம்: இரு.

ஸீனா: என்ன?

யூஹிம்: பேசாதே. கேட்டுச்சா?

ஸீனா: தூரத்துல.

யூஹிம்: தூரமில்ல. வா. உன் கிழங்கு நிலவறைக்குப் போலாம், அதான் பக்கம்.

ஸீனா: கோழி?

யூஹிம்: கோழியோடதான். கதவைத் தூக்கு. குனி... தலை, தலை.

ஸீனா: படியில ஒரு பலகை இல்ல, பாத்து.

யூஹிம்: மிதிச்சிட்டேன். இப்ப சொல்றே.

ஸீனா: செவலையை மடியில வச்சுக்க. அது நடுங்குது.

யூஹிம்: நடுங்குறது நான். அது சும்மாத்தான் இருக்கு... இது பெரிசு. அடுத்த தெரு.

ஸீனா: சாமி... உங்க ஆளுங்க...

யூஹிம்: உங்க ஆளுங்க.

ஸீனா: சரி, யாரோ. பேசிட்டே இரு, கூமே. நிறுத்தாதே. ஏதாவது அரசியல் பேசு.

யூஹிம்: ஏழைங்க வயித்துல அடிச்சுப் பணக்காரனாப் போனவன் எல்லாம் உங்க கட்சிக்காரன்.

ஸீனா: உங்க கட்சியில மட்டும் என்ன, மாடு மேய்க்கிறவனா இருக்கான்? மாளிகை கட்டாதவன் ஒருத்தனைச் சொல்லு.

யூஹிம்: அது... இரு, யோசிக்கிறேன்.

ஸீனா: யோசி. ராத்திரி வரைக்கும் யோசி.

யூஹிம்: நின்னுடுச்சா?

ஸீனா: நின்ன மாதிரிதான் இருக்கு. கொஞ்ச நேரம் உக்காரு.

யூஹிம்: உக்காந்துதான் இருக்கேன். என்னமோ குத்துது. என்ன இது... சூட்கேஸா?

ஸீனா: அது கிழங்கு.

யூஹிம்: சூட்கேஸ்லயா?

ஸீனா: எலித் தொல்லை.

யூஹிம்: கிழங்குன்னா கனக்கணும். இது... பூட்டு வேற போட்டிருக்கே. கூமா, எங்க போறே?

ஸீனா: எங்கயும் இல்ல.

யூஹிம்: ஜன்னலுக்குத் தாள் வேணாம். கோழி வேணாம். போலந்துக்கா? ருஸ்லான்கிட்டயா?

ஸீனா: ருஸ்லான்கிட்டதான்.

யூஹிம்: அதைச் சொல்ல என்ன வெக்கம்? பையன் கூப்பிட்டா போக வேண்டியதுதானே.

ஸீனா: அவன் போலந்துல இல்ல.

யூஹிம்: பின்னே?

ஸீனா: டினிப்ரோல. ஆஸ்பத்திரியில.

யூஹிம்: சாரத்துலேருந்து விழுந்துட்டானா?

ஸீனா: சாரமும் இல்ல, சுவரும் இல்ல. பட்டாளத்துல சேந்துட்டான்.

யூஹிம்: எந்தப்...

ஸீனா: எந்தப் பட்டாளம்னு கேக்கப் போறியா? உன் பட்டாளம்தான்.

யூஹிம்: எப்ப?

ஸீனா: போன அறுவடை முடிஞ்சதும். என்கிட்டயும் போலந்துன்னுதான் சொல்லிட்டுப் போனான். போன மாசம் ஒரு நர்ஸ் போன் பண்ணிச்சு.

யூஹிம்: என்கிட்ட நீ ஒரு வார்த்தை...

ஸீனா: சொன்னா தெருவெல்லாம் கொடி கட்டியிருப்பே.

யூஹிம்: ...கட்டியிருப்பேன்.

ஸீனா: இடது கால். முழங்காலுக்குக் கீழ இல்ல. ஏதாவது சொல்லு, கூமே.

யூஹிம்: என்ன சொல்ல...

ஸீனா: உங்க ஆளுங்கதான் பண்ணாங்கன்னு சொல்லு. மூணு வருஷமா கோழி செத்தா சொல்றே, கண்ணாடி ஒடஞ்சா சொல்றே. இப்ப சொல்லேன்.

யூஹிம்: கண்ணிவெடியா?

ஸீனா: ம்.

யூஹிம்: யாரு புதைச்சதோ. எப்ப புதைச்சதோ. இருட்டுல அதை யாரு கண்டா, ஸீனா.

ஸீனா: ...இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் நீ தோத்திருக்கே.

யூஹிம்: கண்ணைத் தொடைச்சுக்க. இந்தா... கைக்குட்டை இல்ல. சட்டைக்கைல தொடை.

ஸீனா: உன் சட்டையில கோழி பீ.

யூஹிம்: அந்தப் பக்கம் சுத்தமாத்தான் இருக்கு. எப்ப கிளம்புறே?

ஸீனா: சனிக்கிழமை. பக்கத்து ஊர் வரைக்கும் பஸ், அப்புறம் ரயில். கட்டைக்கால் பொருத்துவாங்களாம், நடக்கப் பழகணுமாம். தாங்கிப் புடிக்க ஆள் வேணும்.

யூஹிம்: அந்த வார்டு முழுக்கப் பட்டாளத்துக்காரங்கதான் இருப்பாங்க. அங்க போய் என்ன பேசுவே? டிவில கேட்டதெல்லாமா?

ஸீனா: கஞ்சி வேணுமான்னு கேப்பேன். சாப்பிட்டாச்சுன்னா தட்டைக் கழுவுவேன். வேற என்ன பேச?

யூஹிம்: அவனுக்கு என் தொப்பியைக் கொண்டு போய்க் கொடு. ஆட்டு ரோமத் தொப்பி. ஆஸ்பத்திரியில குளிரும்.

ஸீனா: அது உன் கல்யாணத் தொப்பி.

யூஹிம்: கல்யாணம்தான் முடிஞ்சு போச்சே.

ஸீனா: சரி... கோழியை இப்பவாவது நீ வச்சுக்குவியா?

யூஹிம்: முடியாது, கூமா.

ஸீனா: இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் முடியாதா? கல்லு மனசுய்யா உனக்கு.

யூஹிம்: தபால்காரி நெல்யாகிட்ட விடலாம். நிலக்கரியும் அவளே எடுத்துக்கட்டும்.

ஸீனா: அவ எந்தப் பக்கம்னே தெரியல.

யூஹிம்: கோழிக்குத் தீனி போடுவா. அந்தப் பக்கம்.

ஸீனா: அது சரி. நீ ஏன் முடியாதுங்கிறே? டாக்டர் கதை எல்லாம் வேணாம்.

யூஹிம்: வெள்ளிக்கிழமை நானும் கிளம்புறேன்.

ஸீனா: நீயா? எனக்கு ஒரு நாள் முன்னாடியா? என்கிட்ட சொல்லாமலா?

யூஹிம்: உன் சூட்கேஸ்ல கிழங்கு இருந்துச்சு. என்னுதுல பீட்ரூட்.

ஸீனா: எங்க? கீவுக்கா?

யூஹிம்: இல்ல.

ஸீனா: ல்வீவுக்கா? அங்கதான் உன் மாதிரி ஆளுங்களுக்கு மாலை போடுவாங்களாம்.

யூஹிம்: இல்ல.

ஸீனா: கார்கிவா? ஒலேஸ்யாகிட்டயா?

யூஹிம்: ஒலேஸ்யாகிட்டதான்... ஆனா அவ கார்கிவ்ல இல்ல, கூமா. ரஷ்யாவுல இருக்கா, ரொஸ்தோவ்ல, மூணு வருஷமா. அங்கேயே கட்டிக்கிட்டா, அந்தப் பையன் விட்டுட்டுப் போயிட்டான். கைக்குழந்தை இருக்கு, இவளுக்கு ரொட்டி ஃபேக்டரியில ராத்திரி வேலை, குழந்தையைப் பாத்துக்க ஆளில்ல. தாராளமா வாங்கப்பா, ஆனா இங்க வந்து அரசியல் மட்டும் பேசக் கூடாது, யாரு என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னா... சரின்னுட்டேன்.