பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

புது வீட்டில் கதவு முதல் ஒரு வருடம் சரியாகப் பொருந்தாது. மரம் காய்ந்து, சுருங்கி, தன் அளவுக்கு வர ஒரு வெயிலும் ஒரு மழையும் வேண்டும். அது பழுது இல்லை. வீடு வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் மாதிரி வீடு.

அதன் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள் இருந்தன. என் மனைவி ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். விற்பனைக்காரர் சிரித்தார்.

"வீட்டைக் கட்டிப் பாருன்னு பயமுறுத்துவாங்க மேடம். நீங்க கட்டவே வேண்டாம், வாங்கிப் பாருங்க."

"வீடும் இந்த ஆப்பிள் மாதிரி இருந்துடாதே?" என்றாள்.

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நொட்டை சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் இருநூற்றுப் பத்து வீடுகள். நாங்கள் குடிபோனபோது முப்பதில்தான் ஆள் இருந்தார்கள். எங்கள் தெருவில் நாங்கள் மட்டும். பூங்காவில் சறுக்குமரம் பாலித்தீன் உறை பிரிக்காமல் நின்றது. 'இங்கே பள்ளி வருகிறது' என்ற பலகைக்குப் பின்னால் இடுப்பளவு புல். எதிர்வீடு எங்கள் வீட்டின் அதே அச்சு. திரையில்லாத அதன் ஜன்னல்கள் நாள் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சாவி கொடுத்த அன்று கம்பெனியில் ஒரு சுருள் நீல டேப் கொடுத்தார்கள். எங்கே பழுது தெரிகிறதோ அங்கே ஒரு துண்டு ஒட்ட வேண்டும். ஒரு வருடம் வரை வந்து சரிசெய்து தருவார்கள். அவள் ஒரு நோட்டும் போட்டாள். எண், இடம், தேதி. சரியானதும் பக்கத்தில் ஒரு டிக். முதல் நாள் இருபத்திரண்டு பழுது.

சரிசெய்ய வந்தவரைக் குடியிருப்பில் எல்லோரும் வாரண்டி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். அவருடைய கருவிகளின் பிடியில் எல்லாம் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு இருக்கும், தொலைந்துபோகாமலிருக்க.

"உங்க வீட்டம்மா கண்ணு கண்ணு இல்ல சார், பூதக்கண்ணாடி," என்பார் என்னிடம். "இவங்ககிட்ட என்னை ஒரு தடவை காட்டியிருந்தா என் மாமனார் எனக்குப் பொண்ணே குடுத்திருக்க மாட்டார்."

"இப்பவும் லேட் ஆகல அண்ணே," என்பாள் அவள் உள்ளிருந்து. "நோட்டுல எழுதிடட்டுமா?"

இருவரும் சிரிப்பார்கள். நீங்கள் நினைப்பது போன்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. என் சந்தேகம் நோட்டின் மேல்.

எண்ணிக்கை குறைய வேண்டும். அது கூடியது. நான்காம் மாதம் முப்பது. ஏழாம் மாதம் முப்பத்தெட்டு. சுவரில் மயிரிழை விரிசல்கள். சாவி வாங்கிய அன்று குளியலறைத் தரை ஓடுகளை ஒவ்வொன்றாக நானே காசால் தட்டிப் பார்த்திருந்தேன். எல்லாம் கெட்டியாகப் பேசின. ஐந்தாம் மாதம் அதில் ஒன்று பொள்ளென்று பேசியது. ஓடு தானாக மனம் மாறாது.

ஒப்பந்தத்தில் இருபத்திரண்டாம் விதி என்று ஒன்று உண்டு. முதல் வருடத்துக்குள் பெரிய பழுதுகள் மூன்று நிரூபணமானால் வாங்கியவர் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்கள் பிரதியில் அந்த விதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. நான் போட்டதில்லை. அவளுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை, அம்மா வீட்டுப் பக்கமே போய்விட நினைக்கிறாள், பழுதுகளை அவளே உண்டாக்குகிறாள் என்று நான் முடிவுக்கு வரவில்லை. வர முடியும் என்று மட்டும் பார்த்தேன். கோடு போட்டது விற்பனைக்காரர் என்று பிறகு தெரிந்தது.

வீட்டின் பின்னால் அவள் ஒரு செம்பருத்தி வைத்திருந்தாள். போகப் போகிறவள் செடி வைப்பாளா என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சந்தேகம் வராமலிருக்க வைத்திருக்கலாம்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்பு வால்வு செய்யும் ஆலையில் நான் தர ஆய்வு அதிகாரி. நீளமான மேசைகளில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து வால்வுகளைக் கண்ணால் பார்த்துத் தள்ளுகிற ஆய்வாளர்கள் இருபது பேர். அவர்கள் உண்மையாகப் பார்க்கிறார்களா என்று அறிய எங்களிடம் ஒரு முறை உண்டு. பழுதான ஒரு வால்வை நானே தயார் செய்து, நல்லவற்றோடு தட்டில் கலந்துவிடுவேன். அதற்குத் தூண்டில் என்று பெயர். ஆய்வாளர் அதைப் பிடித்தால் அவர் கண் நல்லது. பிடிக்காவிட்டால் அவர் எழுதும் அறிக்கை வெறும் கதை.

தூண்டிலுக்கு இரண்டு விதி. என்ன பழுது, எங்கே, எப்போது வைத்தது என்று முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். ஷிப்ட் முடிவதற்குள், யாரும் பிடிக்காவிட்டாலும், வைத்தவனே அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். பழுதான வால்வு வெளியே போனால் யார் வீட்டிலோ வெடிக்கும்.

அவளுடைய நோட்டையும் அப்படிச் சோதிக்கலாம் என்று தோன்றியது. யாரையும் குற்றம் சொல்லாமல், சண்டை போடாமல் உண்மையை அறிய அதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் மாதம் சின்ன அறை அலமாரியின் கீலில் ஒரு திருகைத் தளர்த்தினேன். ஒரு வாரம் காத்திருந்தேன். நோட்டில் ஏறவில்லை. அவள் பார்க்கவில்லை என்று நினைத்துத் திருகைத் தொட்டால், அது இறுகியிருந்தது. அலமாரியில் நீல டேப்பும் இல்லை.

ஆலையில் பழுதைப் பிடிக்காதவரை மன்னிப்போம். பிடித்துவிட்டு மறைப்பவரை வைத்துக்கொள்ள மாட்டோம்.

அந்த வாரம் அவள் தன் அம்மாவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "ஒரு வருஷம் முடியறதுக்குள்ள தெரிஞ்சிடும்மா. வீடு இருக்குமா போகுமான்னு." நான் உள்ளே வந்ததும் பேச்சு செடிக்கு மாறியது.

பத்தாம் மாதம் சமையலறைத் தொட்டிக் குழாயின் வாஷரைக் கழற்றி எடுத்தேன். மறுநாள் மாலை அங்கே புது வாஷர் இருந்தது. நோட்டில் எதுவும் இல்லை. சாப்பிடும்போது கேட்டேன்.

"வீட்ல புதுசா ஏதாவது பழுது இருக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லையே. உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

"எனக்கென்ன தெரியும்? நோட்டு உன்கிட்டதானே இருக்கு."

"ஏன், இந்த வீடு உங்களுக்குப் பிடிக்கலையா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. சொல்லிடுங்களேன்னுதான் கேக்கிறேன்."

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். பேச்சை என் மேல் திருப்புகிறாள் என்று தோன்றியது. தப்பு செய்கிற ஆய்வாளர்களும் அதைத்தான் செய்வார்கள்.

மூன்றாவது தூண்டில் அவளே சத்தமில்லாமல் சரிசெய்துவிட முடியாததாக இருக்க வேண்டும். வாரண்டி அண்ணனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அப்போது நோட்டில் ஏறியே ஆக வேண்டும். நிறைய யோசித்தேன். மாடியில் பின்பக்கத்துப் பால்கனிக் கம்பி அதற்குப் பொருத்தமாகப் பட்டது. அது இரண்டு முனையிலும் சுவரோடு நட்டு போட்டு இறுக்கியது. நட்டுகள் வெளிப்பக்கம். அதற்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது எங்கள் வீட்டில் கிடையாது. ஆலையிலிருந்து கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை காலை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, வலது முனையின் இரண்டு நட்டுகளையும் கடைசி மரை வரை தளர்த்தினேன். இடது முனையைத் தொடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு மேலாக வெளியே குனிந்துதான் செய்ய முடியும். நான் ஆலையின் பாதுகாப்புப் பட்டையை இடுப்பில் கட்டி, கதவு நிலையில் மாட்டிக்கொண்டு குனிந்தேன். பட்டையை அன்றே ஆலையில் திரும்ப வைத்துவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் அந்தக் கம்பியில் துணி காயப்போட்டாள். காலையில் கிளம்புமுன் நான் உள்ளே நின்று பார்த்தேன். ஆய்வாளர் வேலை செய்யும்போது குறுக்கே பேசக்கூடாது.

வியாழன் மாலை ஐந்தரைக்கு வந்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. சிமென்ட் பாதையில், செம்பருத்திக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். மேலே கம்பியின் வலது முனை கதவு போல வெளியே திறந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆளில்லாத வீடுகள். விழுந்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஸ்பேனர். பதினேழாம் நம்பர். பிடியில் சிவப்புக் கோடு.

நான் முதலில் மாடிக்குப் போனேன். ஒரு நட்டு இரண்டு சுற்று ஏறியிருந்தது. அவள் சாயவில்லை, துணி எடுக்கவில்லை, முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு கீழே வந்து ஸ்பேனரை எடுத்து என் அலுவலகப் பையில் வைத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். பத்து நிமிடம் இருக்கலாம். அப்போது மூச்சு இருந்ததா என்றும் கேட்டீர்கள். நான் பார்த்தது நட்டுகளை.

மற்றது உங்களுக்கே தெரியும். வாரண்டி அண்ணன் அதற்கு முந்தைய வாரம்தான் வருட முடிவு ஆய்வு செய்து, 'பால்கனி கம்பி இறுக்கம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். இறுக்காமலே எழுதிவிட்டார் என்றீர்கள். 'வியாழக்கிழமை மதியம் அந்தம்மா எங்கிட்ட வந்து ஸ்பேனர் இரவல் வாங்கிட்டுப் போனாங்க' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்பேனர் எங்கும் கிடைக்கவில்லை. பொய் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டீர்கள். என்னைக் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். நான்கு மாதமாக அவர் உள்ளே இருக்கிறார்.

அவருடைய மனைவி ஒரு நாள் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீங்களே பெரிய துக்கத்துல இருக்கீங்க சார். உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது. அந்த ஸ்பேனரை மட்டும் ஒரு தடவை தேடிப் பாருங்க. செடிக்குள்ள எங்கயாவது விழுந்திருக்கும். அவர் பொய் சொல்ற ஆள் இல்ல சார். பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா எப்பவோ முன்னேறியிருப்போம்."

"தேடிப் பாக்கிறேன்மா," என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தக் காலித் தெருவின் கடைசி வரை நடந்து போவதைப் பார்த்தேன். போகும்போது இரண்டு பக்கமும் தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்காக நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. போன வாரம் மாமியார் வந்தார். மகளின் துணிமணிகளோடு அவர் எடுத்துப்போன நோட்டைக் கையில் கொடுத்தார்.

"கடைசிப் பக்கம் பாருங்க மாப்பிள்ளை. வீட்டை நீங்க திருப்பிக் குடுத்துடுவீங்களோன்னு எங்கிட்ட புலம்பிட்டே இருந்தா. அவ ஆசைப்பட்ட வீடு. எதுக்குப் புலம்பினான்னு எனக்கு இப்பதான் புரியுது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நோட்டின் முன்பக்கத்தில் நாற்பத்திரண்டு பழுதுகள். நோட்டு வந்ததும் அவற்றை ஒரு பொறியாளரிடம் காட்டினேன். எல்லாம் புது வீட்டுக்கு இயல்பானவை என்றார். குளியலறை ஓடு உட்பட. நோட்டைத் திருப்பி, பின்னாலிருந்து தொடங்கி, அவள் வேறொரு பட்டியல் எழுதியிருந்தாள்.

'1. சின்ன ரூம் அலமாரி கீல். அவர் கழட்டினது. முடுக்கிட்டேன்.

2. சிங்க் வாஷர். அவர். மாத்திட்டேன்.

3. பின்பக்க பால்கனி கம்பி. அவர்தான். அண்ணன்கிட்ட ஸ்பேனர் கேக்கணும், எதுக்குன்னு சொல்லக்கூடாது, அவர் பேரு கெடும். சாயங்காலம் அவர் வந்ததும் நேரா கேட்டுடணும். வீடு பிடிக்கலைன்னா போயிடலாம். வீடா பெருசு.'

மூன்றுக்கு மூன்று. என் ஆறு வருட வேலையில் எந்த ஆய்வாளரும் அப்படி எடுத்ததில்லை. முடிவு தெரிந்த பிறகு தாளை மூடி வைத்திருப்பது சரியல்ல. அதனால்தான் வந்தேன்.

ஸ்பேனர் ஆலையில் என் மேசையின் மூன்றாம் இழுப்பறையில் இருக்கிறது. சிவப்புக் கோடு அப்படியே இருக்கும். அதற்கடியில் ஒட்டிய உறைகள் மூன்று. மூன்றாவதில் இடம், இரண்டு நட்டு, திங்கட்கிழமைத் தேதி, என் கையெழுத்து எல்லாம் இருக்கும். அவரை விட்டுவிடுங்கள். அவர் வேலையில் பழுது இல்லை.

என் முறையிலும் பழுது இல்லை என்பதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது விதி எனக்கு நினைவிருந்தது. அந்த வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் நட்டுகளை நானே முடுக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். எதையும் நிதானமாகச் செய்கிறவள் அவள். அன்று மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.