ஜஸ்தா காய்ச்சல்

பழைய பித்தளைக் குழாயிலிருந்து தாமிரத்தைப் பிரிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பித்தளைத் தகட்டை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால், எதிர்த் தகட்டில் தாமிரம் வந்து படியும். தொல்லை கொடுப்பது துத்தநாகம். தாராவியில் எங்கள் பட்டறையில் அதை ஜஸ்தா என்போம். அது தகட்டில் ஒட்டாமல் தொட்டித் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும். பிறகு நீலத் தண்ணீர் வெளுக்கும், தாமிரம் மாவாக உதிரும்.

அதனால் முதலில் பித்தளையை உலையில் உருக்கி, ஜஸ்தாவை வெள்ளைப் புகையாக ஓட்டிவிடுவேன். அந்தப் புகையை இழுத்தவனுக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும், மறுநாள் காலையில் போய்விடும். வாரக் கடைசிக்குள் உடம்பு பழகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்தால் பழக்கம் விட்டுப்போகும். ஆகவே திங்கட்கிழமைக் காய்ச்சலை எங்கள் சந்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பால் கொடுத்துப் படுக்க வைப்பார்கள்.

"சாமிக்கு ஞாயிறு, ஜஸ்தாவுக்குத் திங்கள், அண்ணாச்சி," என்பான் உலைக்காரன் பூலோகம்.

புகை அக்கம்பக்கத்துக் கொடித்துணிகளில் படிந்து, புகார் போனது. இன்னொரு முறை புகை கண்டால் பட்டறைக்குச் சீல் என்று முனிசிபாலிட்டி ஆள் சொல்லிவிட்டார். பம்பாய்க்கு வந்து நான் உண்டாக்கியது அந்தப் பட்டறை ஒன்றுதான்.

1965இல் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்த முனிசிபாலிட்டி ஆள் சந்துக்குள் வருவதைப் பார்த்தேன். உலையில் பித்தளை உருகிக்கொண்டிருந்தது. ஜன்னல்களை அடைத்தேன். புகைபோக்கியின் மூடியை இறக்கினேன்.

"என்ன அண்ணாச்சி செய்யுதிய? மூச்சு முட்டுமே," என்றான் பூலோகம்.

"கொஞ்ச நேரந்தாம்ல. சத்தங் காட்டாம இரி."

வெளியே வந்து பூட்டினேன். இன்று லீவு என்று அவரிடம் சொன்னேன். அப்போது உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது.

"அந்தர் கோன் ஹை?" என்றார், உள்ளே யார் என்று.

"கோயி நஹி, சாப்."

யாருமில்லை, பின்வீட்டில் தகரம் அடிக்கிறார்கள் என்றேன். கிளம்ப இருந்தவரை, சந்தேகம் வரக்கூடாதென்று எதிர்க்கடையில் உட்காரவைத்து டீ சொன்னேன். டீ வருவதற்குள் தட்டுவது நின்றது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் எழுந்து போனதும் பூலோகத்தின் மனைவி சொர்ணம்மாள் பால் சொம்போடு வந்தாள்.

"பூட்டிக் கெடக்கு? அவுக எங்க அண்ணாச்சி?"

"முனிசிபாலிட்டிக்காரன் வந்தாம்லா, அதான் பூட்டு. அவனுக்கு ஜஸ்தா காய்ச்சல், உள்ள தூங்குதான். எழுப்பாத தாயி."

"நேத்துக் கறிக்கொழம்ப விடாமத் தின்ன மனுசன், இன்னைக்குப் பல்லு கிட்டிக் கெடக்காராக்கும்," என்று சிரித்தாள். படியில் உட்கார்ந்தாள். சத்தத்தில் அவன் விழித்துவிடக் கூடாதென்று வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. முனிசிபாலிட்டி ஆள் இன்னும் சந்து முனையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் புகை மொத்தமும் தெருவுக்கு வரும்.

காய்ச்சல் முற்றிச் செத்தான் என்று எல்லோரிடமும் சொன்னது நான்தான். அந்தக் காய்ச்சலில் எங்கள் சந்தில் யாரும் செத்ததில்லை. அடைத்த அறையில் கரி உலை எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சொர்ணம்மாள் வந்தபோது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான், புகை அடங்கும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.