டிரோனுக்கு ஒரு தனி அலைவரிசை

அவைக்குத் தலைமையேற்று, அலைக்கற்றையைப் பங்கிடும் பொறுப்பையும் ஏற்றிருக்கும் ஆணையத் தலைவர் அவர்களே, அருகமர்ந்திருக்கும் அதிகாரப் பெருமக்களே, விசிறி ஓடாத மண்டபத்திலும் விலகாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே, என்னைப்போல் டிரோன் ஓட்டிப் பிழைக்கும் தோழர்களே, வணக்கம்.

இதே மேடை, இதே மைக், இதே பேச்சு. ஊதுகிற சங்கை ஊதிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருக்கிறேன். களைத்துவிட்டேன் ஐயா. கை தட்ட வேண்டாம். தட்டித் தட்டி உங்களுக்கும் அலுத்திருக்கும்.

நான் இரத்த வங்கியில் டிரோன் ஓட்டுகிறவன். தரையில் நின்று நான் சொல்வதை வானத்தில் அது கேட்க வேண்டும். அந்தச் சொல் போகிற பாதை எது? எல்லோரும் புழங்கும் பொது அலைவரிசை. வீட்டு வைஃபையும் அதில், விளையாட்டுப் பொம்மையும் அதில், வீடியோப் படமும் அதில், உயிர் காக்கும் உதிரமும் அதில்!

போன ஆண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனையில் அவசரமாக இரத்தம் கேட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இரத்தப் பெட்டியோடு டிரோனை மேலே ஏற்றினேன். வழியில் கால்பந்து மைதானம். அன்று இறுதி ஆட்டம். படமெடுக்கும் டிரோன்கள் ஈயாய் மொய்த்தன. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் விட்டுவிட்டு வந்தால் உடனே சிக்னல் பவரை ஏற்றுவோம். ஒருவன் ஏற்றினான், அதனால் அடுத்தவன் படம் கெட்டது, அவனும் ஏற்றினான். சந்தையில் ஆளாளுக்குக் கத்தினால் யார் சொல் யார் காதில் விழும்? என் சொல் என் வண்டிக்கு எட்டவில்லை. தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு என்பது அதற்கு இட்ட கட்டளை. பத்திரமாக, பெட்டியோடு திரும்பி வந்து இறங்கியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

செவிலி போனில் கேட்டார்: "அண்ணே, வண்டி எங்க வருது?"

"திரும்பி வந்துடுச்சும்மா" என்றேன்.

எங்கள் இரத்த வங்கியின் கார் ஓட்டுநர் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். அக்கரை மருத்துவமனையில் கிடந்தவள் அவர் மனைவி. வேலையில் இருந்தவருக்கு அப்போதுதான் செய்தியே வந்திருந்தது. அதற்குள் ஆட்டம் முடிந்து, கூட்டம் பாலத்தை அடைத்து நின்றது. அவர் போய்ச் சேர்ந்தபோது, பெட்டியை வாங்கச் செவிலி கை நீட்டவில்லை.

என்ன? பின்னால் ஒருவர் கேட்கிறார், கால்பந்தைப் படமெடுக்கக் கூடாதா என்று. தாராளமாக எடுங்கள் தம்பி. உங்கள் படம் உங்கள் பாதையில் ஓடட்டும். பறக்கும் வண்டியை இயக்கும் கட்டளைக்கு மட்டும், வேறெவரும் நுழையாத ஓர் அலைவரிசை கொடுங்கள் என்கிறோம். பாதி நேரம் அது சும்மாக் கிடக்குமே என்கின்றன தொலைபேசி நிறுவனங்கள். தீயணைப்பு வண்டியும்தான் பாதி நாள் சும்மா நிற்கிறது. அதில் காய்கறியா ஏற்றுகிறோம்? வானமா சுருங்கிவிட்டது? மனமா சுருங்கிவிட்டது? மனுக் கொடுத்தோம், மன்றாடினோம், மறுபடியும் மனுக் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

அந்த ஓட்டுநர் இதோ, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் என்னிடம் வருவார். "என்னண்ணே சொன்னாங்க?" என்பார். அடுத்த கூட்டத்தில் சொல்வார்களாம் என்பேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டலை இனி என்னால் பார்க்க முடியாது. தலைவர் அவர்களே, இன்று நீங்களே மேடையிலிருந்து இறங்கி வாருங்கள். அந்தக் குழந்தையின் எதிரே நின்று, அடுத்த கூட்டம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்ல நா எழவில்லையென்றால், அலைவரிசையைக் கொடுங்கள்.

பொறுத்திருந்து கேட்ட செவிகளுக்கு நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.